மசக்கையும் வயாவும்

வயிறு புரட்டுவதற்குத் தமிழில் சொற்கள் பல. குமட்டல், உமட்டல், ஓங்கரிப்பு, ஓக்காளம் ஆகியவை யாருக்கும் வரும். மசக்கை மட்டும் கருவுற்றவளுக்கே உரியது. மோகனூர்ப் பக்கத்திலும் இன்றுவரை அதுதான் வழக்கு.

உயிர் பேச்சில் உசிராகிறது, உயரம் ஒசரமாகிறது. யகரம் சகரமாகும் இவ்வழியில் மயக்கமே மசக்கையாயிற்று எனக் கொள்ள இடமுண்டு. மங்கும் மாலைப்பொழுதை மசங்கல் என்பதும் இவ்வினத்ததே. குமட்டல் வயிற்றின் தொல்லையைச் சொல்கிறது. மசக்கை உடலும் உள்ளமும் ஒருசேரத் தடுமாறுவதைச் சொல்கிறது.

இவற்றினும் பழைய சொல் 'வயா'. தொல்காப்பிய உரியியல் இதற்குத் தரும் பொருள் வேட்கை மிகுதி என்பதே. மசக்கையில் நாம் வெறுப்பைக் காண்கிறோம். முன்னோர் விருப்பத்தைக் கண்டனர்.

புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் போற்றுகிறார். அவன் நாட்டு மண்ணைச் சூல் கொண்ட மகளிர் வயாவினால் உண்பார்களேயன்றிப் பகைவர் உண்ணமாட்டார் என்பது அவர் கூற்று. பெண்ணின் மண் வேட்கை ஒரு வேந்தனின் புகழுக்கு அளவுகோலாக நிற்கிறது!

இப்புகழ்மொழி நமக்குத் தொலைவானதன்று. மோகனூரிலிருந்து காவிரியின் எதிர்க்கரையில் சற்று மேற்கே போனால் புகழூர். அங்குள்ள ஆறுநாட்டார் மலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இரும்பொறை மரபினரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மோகனூரில் இளமையைக் கழித்த கி.வா.ஜகந்நாதனின் ஆசிரியர் உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய பின்பே 'வயா' மீண்டும் பலர் கண்ணில் பட்டது. ஆயினும் அது ஏட்டோடு நின்றது, பேச்சுக்குத் திரும்பவில்லை.

சொல் போனதே ஒழிய வேட்கை போகவில்லை. மண்ணும் சாம்பலும் திருநீறும் தின்னும் கர்ப்பிணிகள் இன்றும் உண்டு. பலர் அதை மாமியாருக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் செய்கின்றனர். மண் தின்னும் இவ்வேட்கைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்புண்டு என்கிறது இன்றைய மருத்துவம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை.

"குமட்டுகிறதா?" என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். "எதைத் தின்ன ஆசை?" என்றும் கேட்க வேண்டும். வயா என்ற ஒரு சொல்லுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. புலவர் அவையறியப் பாடியதை இன்று ஒரு பெண் முந்தானைக்குள் மறைத்துத் தின்கிறாள். நாம் இழந்தது வெறும் சொல்லன்று.