நகரத் திட்டமிடல் கல்வியும் நமது தெருவும்

சண்டிலிப்பாயில் நான் தமிழ் படிப்பிக்கும் பாடசாலையில், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவி ஒருத்தி பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலோடு என்னிடம் வந்தாள்.

"சேர், மொறட்டுவையில நகர, கிராமத் திட்டமிடல் எண்டு ஒரு பாடநெறி கிடக்கு. நிலத்தோற்றக் கட்டடக்கலை எண்டும் ஒண்டு கிடக்கு. இதுகளைப் படிச்சு என்ன செய்யிறது? ரோட்டுப் போடுறதும் பூமரம் நடுறதும்தானே?"

நான் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி. எனக்கு உடனே பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். அந்த 'நாளை' வர ஒரு மாதம் எடுத்தது. தேடி வாசித்தபோது, அந்தக் கேள்வி அவளுடையது மட்டுமல்ல, யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நம்முடையதும்தான் என்று தெரிந்தது.

நகரம் அமைப்பது பழைய கலை. கலீபா அல் மன்சூர் 762இல் பக்தாத் நகரை வட்டவடிவில் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கினார். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், நகரத்துக்கு இடம் தெரியும்போது பார்க்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: நல்ல காற்று, அருகில் நன்னீர், மேய்ச்சல் நிலம், விளைநிலம், விறகு, பாதுகாப்பு. ஆனால் இதை ஒரு பட்டப்படிப்பாகப் படிப்பிக்கத் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நிலத்தோற்றக் கட்டடக்கலைப் பாடநெறியை 1900இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. நகரத் திட்டமிடலுக்கு 1909இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை உண்டாயிற்று.

இந்தக் கல்வியை நமது பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பற்றிக் கெடிஸ். ஸ்கொட்லாந்துக்காரர், படித்தது உயிரியல், படிப்பித்தது தாவரவியல். 1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிக்கான படங்களும் வரைபடங்களும் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை ஜேர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. குழப்படிகாரனைப் பார்த்து "சரியான எம்டன்" என்கிறோமே, அதே எம்டன்தான். வேறு படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்கள்.

பிறகு கெடிஸ் ஊர் ஊராக நடந்தார். அவருடைய முறை எளிமையானது: திட்டத்துக்கு முன் ஆய்வு, மருந்துக்கு முன் நோயறிதல். திருக்குறளில் மருந்து அதிகாரம் படித்தவர்களுக்கு இது புதிய பேச்சல்ல. தஞ்சாவூரில் நெருக்கமான குடியிருப்புகளை ஊடறுத்து நேர்வீதி போடும் யோசனை இருந்தபோது, அவர் ஒழுங்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடியும் நிலையிலுள்ள சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் வெளியில் மரம் நட்டு, மிச்சத்தை அப்படியே வாழவிடலாம் என்றார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். குளத்தில் மீனும் வாத்தும் விட்டால் நுளம்புக் குடம்பிகளை அவை தின்றுவிடும், குளம் ஊருக்குக் குளிர்ச்சியும் தரும் என்பது அவர் வாதம். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1921இல் கொழும்புக்கு ஒரு பூர்வாங்கத் திட்ட அறிக்கை எழுதினார்.

இலங்கையில் சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது: 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். 1946இல் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. அந்தப் பாடநெறியின் பெயர் இதிலிருந்தே தொடங்குகிறது. அந்த நாற்பதுகளில்தான் கிளிபர்ட் ஹொலிடேயும் லிவர்பூலில் பேராசிரியராக இருந்த பற்றிக் அபர்குரொம்பியும் கொழும்புக்குத் திட்டம் வரைந்தார்கள். பேராதனை வளாகத்தின் அமைப்பிலும் இருவருக்கும் பங்குண்டு. கட்டடங்களை வடிவமைத்தவர் ஷெர்லி டி அல்விஸ். 1952இல் பல்கலைக்கழகம் அங்கு குடிபுகுந்தது.

அந்த வளாகத்தில்தான் நான் நான்கு வருடம் தமிழ் படித்தேன். கலஹா வீதி மரங்களின் கீழ் நடக்கும்போது, காடு அப்படியே விடப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். எந்த இடத்தில் மலை தெரியவேண்டும், எங்கே மகாவலி தெரியவேண்டும் என்று ஒருவர் யோசித்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நல்ல திட்டம் கண்ணில் படாது போலும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 1978இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நகர அபிவிருத்தி அதிகார சபையை உண்டாக்கிய சட்டமும் அதே ஆண்டுதான். இன்று மொறட்டுவையின் கட்டடக்கலைப் பீடத்தில் இந்த இரண்டு படிப்புகளும் பட்டப்படிப்புகளாக உள்ளன. கற்பித்தல் ஆங்கிலத்தில். நிலத்தோற்றக் கட்டடக்கலைக்கு Z புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேறவேண்டும்.

இவ்வளவும் மாணவிக்குப் போதும். நான் ஏன் நிறுத்தவில்லை என்பதைச் சொல்கிறேன்.

திட்டத்துக்கு முன் ஆய்வு என்றார் கெடிஸ். ஆய்வு செய்யப் போகும்போது ஊரில் ஆட்களே இல்லையென்றால்?

யாழ்ப்பாணச் சோனகத்தெருவில் எங்கள் வீட்டுக்கும் உம்மம்மா வீட்டுக்கும் இடையில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. உம்மாவும் அயலிலுள்ள பெண்களும் தெருவில் இறங்காமல் அதற்குள்ளால் வந்துபோவார்கள். நாலைந்து வளவுகளை இப்படிப் பொட்டுகள் தொடுத்திருந்தன. ஒரு கிணற்றில் மூன்று குடும்பம் தண்ணீர் அள்ளியது. எந்த வரைபடத்திலும் இவை இல்லை. ஆனால் அந்தக் குடியிருப்பு இயங்கியது இவற்றால்தான்.

1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. எனக்கு அப்போது பத்து வயது. வளர்ந்தது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில்.

குடிசன மதிப்பீட்டின் வரலாற்றை இதனருகே வைத்துப் பாருங்கள். 1981இல் நாடு முழுவதும் கணக்கெடுப்பு நடந்தது. அடுத்த பத்தாண்டில் நடக்கவேயில்லை. 2001இல் நடந்தது வடக்கை முழுமையாகத் தொடவில்லை. முழு நாட்டுக்குமான அடுத்த கணக்கெடுப்பு 2012இல்தான். அதற்குள் 31 ஆண்டுகள். வெளியேற்றமும், போரும், மீள்வருகையின் தொடக்கமும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டன. 2012இல் எண்ணப்பட்டபோது நம்மில் பலர் இன்னும் புத்தளத்திலேயே இருந்தோம். எங்கிருந்து வந்தோம் என்பதல்ல, எங்கே இருக்கிறோம் என்பதே அன்று எண்ணப்பட்டது.

2002இல் பாதை திறந்தபின், பல்கலைக்கழக விடுமுறையில் வாப்பாவோடு வந்து பார்த்தேன். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. சுவருக்குள் மரம் முளைத்திருந்தது. வாப்பா வீட்டை அடையாளம் கண்டது கிணற்றை வைத்துத்தான். "இதுதான்டா மூணு வீட்டுக் கெணறு" என்றார். பொட்டு இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை. வேலியே இல்லாதபோது பொட்டு எங்கே?

மீள்குடியேற்றம் வந்தபோது பிரச்சினை கணக்கிலேயே தொடங்கியது. 1990இல் ஒரு வளவில் ஒரு குடும்பம். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் மூன்று, நான்கு குடும்பங்கள். ஒரு பரப்புக் காணியை நான்காக்கினால் ஒவ்வொருவருக்கும் இரண்டரைப் பேர்ச். வீட்டுத்திட்டத்துக்குக் காணி வேண்டும். காணி இல்லாதவர் புத்தளத்திலேயே தங்கினார், அல்லது மழைக்குத் தண்ணீர் நிற்கும் தாழ்நிலத்தை வாங்கினார். வீடுகள் கட்டப்பட்டன, அதை மறுக்கவில்லை. குடியிருப்பு கட்டப்பட்டதா என்பதுதான் என் கேள்வி. மதிற்சுவருக்குப் பொட்டு வைக்க முடியாது.

கெடிஸின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவரே 1925இல் தெல் அவீவுக்குத் திட்டம் வரைந்தவர். அதை ஒட்டியிருந்த யாஃபாவின் பலஸ்தீன மக்களில் பெரும்பாலானோர் 1948இல் ஊரை இழந்தார்கள். தஞ்சாவூரின் ஒழுங்கையைக் காப்பாற்றச் சொன்ன கை வரைந்த திட்டத்தால் பக்கத்து ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. வரைபவர் நல்லவராக இருப்பது மட்டும் போதாது. வரையும் மேசையில் அந்த இடத்தின் நினைவை அறிந்த ஒருவரும் இருக்கவேண்டும்.

நமது பிள்ளைகள் வைத்தியமும் பொறியியலும் வணிகமும் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஊருக்கு ஒருவராவது இந்தத் துறைக்கும் போகவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எந்த வளவு யாருடையது, எந்தக் கிணறு யார் யாருக்குப் பொது, மாரியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் வாப்பாவும் போய்விட்டார். உறுதியில் எல்லை இருக்கும், பொட்டு இருக்காது. ஒரு கொப்பியை எடுத்து அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், கீறுங்கள்.

மாணவிக்கு நான் பதிலாக ஒரு வேலை கொடுத்தேன். சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் ஓடும் வழுக்கையாறு, யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல இருக்கிற ஒன்றே ஒன்று; அதுவும் மாரியில் மட்டும். உங்கள் ஒழுங்கையின் தண்ணீர் அதற்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று நடந்து பார்த்து வா என்றேன். இரண்டு கிழமையில் வந்தாள்.

"சேர், எங்கட ஒழுங்கையில வெள்ளம் நிக்கிற இடத்தில முந்தி வாய்க்கால் ஒண்டு இருந்ததாம். அம்மம்மாவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. இப்ப அதுக்கு மேல மதில்."

"அதுதான் பிள்ளை அந்தப் படிப்பு" என்றேன். "இடம் கிடைச்சால் எங்கட தெருவையும் ஒருக்கா வந்து பார்."

"வாறன் சேர். மாரியில வாறன். தண்ணி எங்க நிக்குதெண்டு அப்பதானே தெரியும்."