விருத்தியும் தனமும்

ஒவ்வொரு முறையும் ஒரே எண் கூடிக்கொண்டே போகும் எண்வரிசையைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'கூட்டுத் தொடர்வரிசை' என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் அதற்குப் பெயர் 'கூட்டல் விருத்தி'. விருத்தி வடசொல், வளர்ச்சி என்பது பொருள். வடமொழியில் கடனுக்கு ஏறும் வட்டியையும் அதே சொல் குறிக்கும். குறைந்துகொண்டே போகும் வரிசைக்கு அந்தப் பெயர் சரியாகப் பொருந்தாது. ஆனாலும் அதில் பணவாசனை இருப்பது எனக்குப் பிடிக்கிறது. 1000 ரூபாய்க்கு 5 சதவீதத் தனிவட்டி என்றால் ஆண்டு முடிவுகளில் 1050, 1100, 1150 என்று ஏறுவது கூட்டல் விருத்தியேதான்.

நம் 'கூட்டு' ஒரு குழியும் வெட்டி வைத்திருக்கிறது. கூட்டுவட்டி வளர்வது கூட்டுத் தொடர்வரிசையில் அல்ல, பெருக்குத் தொடர்வரிசையில். அங்கே 'கூட்டு' என்பது வட்டி முதலோடு சேர்வதைச் சொல்கிறது. இங்கே ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதைச் சொல்கிறது. வாக்கியக் கணக்கில் 'கூட்டு' என்று கண்டதும் கூட்டுத்தொடர்ச் சூத்திரத்தை எழுதத் தொடங்கும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பாடம் நடத்தும்போதே இதை எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

இலங்கையிலேயே சிங்களப் பாடநூல் இதைச் 'சமாந்தர ஸ்ரேடி' என்கிறது. ஸ்ரேடி என்பது 1150 வாக்கில் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் தொடர்கணக்குகளுக்கு உள்ள பெயர். முதல் உறுப்பு அங்கே முகம். பொது வித்தியாசம் சயம், அதாவது சேர்ந்து பெருகுவது. உறுப்புகளின் எண்ணிக்கை பதம், அதாவது அடி. கடைசி உறுப்பு அந்தியதனம், நடு உறுப்பு மத்தியதனம், மொத்தம் சர்வதனம். எல்லாம் தனம்தான்! கணக்குகளும் அப்படியே. ஒருவர் முதல் நாள் 4 திரம்ம நாணயம் தானம் கொடுத்து, நாள்தோறும் 5 கூட்டிக் கொடுத்தால் 15 நாளில் எவ்வளவு? பதத்தில் ஒன்று குறைத்து 14. அதைச் சயத்தால் பெருக்கினால் 70. முகத்தைச் சேர்க்க 74. இது கடைசி நாள் கொடை. முதல் நாள் கொடையையும் இதையும் கூட்டிப் பாதியாக்கினால் 39, எட்டாம் நாள் கொடை. 15 × 39 = 585.

மொத்தத்தைத் தந்து நாட்களைக் கேட்டால் இருபடிச் சமன்பாடு வந்து நிற்கும். அதற்கும் ஆரியபடர் 499-லேயே வழி சொல்லிவிட்டார். முதல் நாள் 3, தினமும் 2 கூடுதல், மொத்தம் 360 என்றால் 18 நாள்.

இந்தப் பெயர்களில் என்னை மிகவும் கவர்வது மத்தியதனம். நம் வகுப்புகளில் அதற்குத் தனிப்பெயர் இல்லாதது உண்மையான இழப்பு. சூத்திரம் மறந்துபோன பிள்ளையையும் அது கரைசேர்க்கும். லீலாவதியின் அரசர் எதிரியின் யானைகளைக் கைப்பற்றப் புறப்படுகிறார். முதல் நாள் 2 யோசனை தூரம் நடக்கிறார். நாளுக்கு நாள் ஒரே அளவு கூட்டி நடந்து, 80 யோசனை தொலைவிலுள்ள நகரை 7 நாளில் அடைகிறார். தினமும் எவ்வளவு கூட்டினார்? 80-ஐ 7-ஆல் வகுத்தால் நடு நாளான நான்காம் நாளின் நடை, 80/7. அதில் முதல் நாளின் 2 போக மீதி 66/7. முதல் நாளிலிருந்து நான்காம் நாளுக்கு மூன்று ஏற்றம். ஆகவே ஓர் ஏற்றம் 22/7 யோசனை.