தந்தியில் போன பொக்கே

சென்னையில் உட்கார்ந்துகொண்டு கோயம்புத்தூரில் இருக்கிற அத்தைக்குக் கல்யாண நாள் பொக்கே அனுப்புறீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு ஆப், ஒரு யுபிஐ பேமெண்ட், சாயங்காலம் அத்தை வீட்டு வாசலில் பூ. அந்தப் பூ பெரும்பாலும் சென்னையிலிருந்து போனதே இல்லை. கோவையில் ஏதோ ஒரு கடையில், நீங்கள் பெயர்கூடக் கேட்காத ஒருத்தர் கட்டியது. உங்களிடமிருந்து கிளம்பியது ஒரு மெசேஜ் மட்டும்தான்.

கேட்டால் ஏதோ ஸ்டார்ட்அப் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும். ஆனால் இதுக்கு நூறு வயசு தாண்டியாச்சு. இன்னைக்கு எபிசோடில் அந்தக் கதைதான். இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் பூ இல்லை. முகம் பார்க்காத கடைக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் எப்படி நம்பினாங்க, அந்த நம்பிக்கை எந்த இடத்தில் உடைஞ்சுதுங்கிறதுதான்.

முதலில் பிரச்சினையைப் பார்த்துடலாம். பூ வாடும். நம்ம ஊரில் காலையில் பூக்காரம்மா வாசலில் அளந்து கொடுக்கிற ஒரு முழம் மல்லி, ராத்திரிக்குள் முடிஞ்சுடும். அமெரிக்காவில் 1900-களின் தொடக்கத்தில், டென்வரில் இருக்கிற ஒருத்தர் நியூயார்க்கில் நடக்கும் ஒரு சாவுக்குப் பூ அனுப்பணும்னா, ரயில்தான் வழி. நாட்கணக்கில் பயணம். பூ போய்ச் சேரும்போது அடக்கமே முடிஞ்சிருக்கும்.

அதே ரயில் பாதை ஓரமாகவே தந்திக் கம்பியும் போய்க்கொண்டிருந்தது. பூ மூணு நாளில் போகிற ஊருக்குச் சேதி சில மணி நேரத்தில் போயிடும். அப்போ பூவை ஏன் அனுப்பணும்? சேதியை அனுப்பு, அந்த ஊர்க் கடைக்காரர் அவர் கடைப் பூவைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

பெர்லினில் மாக்ஸ் ஹூப்னர் என்ற பூக்கடைக்காரர் 1908-ல் இப்படி ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். பின்னாளில் ஃப்ளோராப் என்று ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயர் அதிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் 1910 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் நடந்த பூ வியாபாரிகள் மாநாட்டில், ஒரு டஜன் சொச்சம் கடைக்காரர்கள் கூடி 'ஃப்ளோரிஸ்ட்ஸ் டெலிகிராஃப் டெலிவரி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக எஃப்டிடி. முதல் தலைவர் டென்வரில் கடை வைத்திருந்த ஜான் வாலண்டைன். ஆமாம், அவர் பெயரே வாலண்டைன். நான் சேர்க்கலை.

இதில் கம்பெனின்னு ஒண்ணு கிடையாது என்பதைக் கவனிக்கணும். கடைக்காரர்களே உறுப்பினர்கள், அவர்களே முதலாளிகள். கூட்டுறவு சங்கம் மாதிரி. 1914-ல் ஒரு லோகோவும் வந்தது: காலில் சிறகோடு ஓடுகிற மெர்க்குரி. ரோமானியர்களின் தூது தெய்வம், வியாபாரத்துக்கும் அவர்தான் தெய்வம். தந்தியில் பூ விற்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடைக்காது.

இப்போ ஒரு கணக்கு. பின்னாளில் நிலைத்துப்போன வழக்கம் இது. நீங்கள் 100 டாலருக்கு ஆர்டர் கொடுத்தால், ஆர்டர் வாங்கிய கடைக்கு 20, நடுவில் இருக்கும் அமைப்புக்கு 7, பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிற கடைக்கு 73. ஒவ்வொரு ஆர்டருக்கும் பணம் அங்கேயும் இங்கேயும் ஓடாது. யார் யாருக்கு எவ்வளவு தரணும்னு எஃப்டிடி மொத்தமாகக் கூட்டிக் கழித்து, மிச்சத்தை மட்டும் தீர்த்துவைக்கும். வங்கிகள் காசோலைக்குச் செய்கிற அதே க்ளியரிங் வேலை.

20 சதவீதம் கொடுத்தா ஆர்டர் வாங்குறவனுக்கு லாபம், சரி. 73 வாங்கிக்கிட்டு ஐம்பது டாலர் பூவை வெச்சு அனுப்பினா யார் கண்டுபிடிப்பாங்க? வாங்கிக்கிட்டவங்க, "அழகா இருந்துச்சு, தேங்க்ஸ்"னு சொல்லிடுவாங்க. பரிசா வந்த பூவில் குறை சொல்ற பழக்கம் யாருக்கும் இல்லை. காசு கொடுத்தவர் அந்தப் பூவைப் பார்க்கவே போறதில்லை. ஏமாத்துறதுக்கு இதைவிட வசதியான வியாபாரம் இருக்கவே முடியாது.

அப்படியும் அது பல பத்து வருஷம் ஓடியது. காரணம், என் பார்வையில், ரொம்ப எளிமையானது: ஒவ்வொரு கடையும் இரண்டு வேலையும் செய்தது. இன்னைக்கு நியூயார்க் கடை டென்வருக்கு அனுப்பும், அடுத்த வாரம் டென்வர் கடை நியூயார்க்குக்கு அனுப்பும். நீ என் வாடிக்கையாளரை ஏமாத்தினா, உன் வாடிக்கையாளர் பூ என் கையில் இருக்கு. தவிர, டென்வரில் புகார் வந்தால் அதைக் கேட்கப்போவது அந்தத் தெருவிலேயே கடை வைத்திருப்பவர். நாளைக்கும் அதே ஆள் முகத்தில் முழிக்கணும். அதனால் எந்த ஊரில் யாருக்கு ஆர்டர் கொடுக்கலாம் என்பதை அவர் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். நெட்வொர்க் டிசைன் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். எல்லா நோடும் சமம், எல்லாரும் அனுப்புவாங்க, எல்லாரும் வாங்குவாங்க.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல், அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய அமைப்புகள் மூன்றும் கைகோர்த்தன. பல நாட்டுப் பணம் தடுமாறிக்கொண்டிருந்த நேரம். அப்போ கணக்கை எந்தப் பணத்தில் எழுதுவது? பூக்கடைக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கணக்குப் பணத்தையே உருவாக்கிக்கொண்டார்கள். பெயர் ஃப்ளூரின். சுவிஸ் ஃபிராங்கை அடிப்படையாக வைத்தது. நோட்டு கிடையாது, நாணயம் கிடையாது, கணக்குப் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்த பணம். கிரிப்டோ பத்தி மணிக்கணக்கில் பேசுற நண்பர்கள் இருந்தா இதைச் சொல்லிப் பாருங்க.

இந்தக் கடைக்காரர்களைப் புனிதர்களாக்க வேண்டாம். பிழைப்பு என்று வந்தால் ரொம்பவே கெட்டி. அன்னையர் தினத்தை எடுத்துக்கலாம். ஆனா ஜார்விஸ் என்ற பெண்மணி 1908 மே மாதம் மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர் தேவாலயத்துக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பினார். இறந்துபோன அம்மாவுக்குப் பிடித்த பூ. 1914-ல் அதிபர் வில்சன் அதை நாடு முழுக்க அறிவித்தார். வெள்ளைக் கார்னேஷன் விலை எகிறியது. வெள்ளை போதாத இடத்தில், அம்மா உயிரோடு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்று ஒரு புது சம்பிரதாயத்தைக் கடைக்காரர்கள் ஊக்குவித்தார்கள். ஸ்டாக் பிரச்சினைக்கு சம்பிரதாயமே தீர்வு!

ஜார்விஸ் கொதித்துப்போனார். மீதி வாழ்க்கையை, தான் ஆரம்பித்த தினத்தை வியாபாரத்திடமிருந்து மீட்கவே செலவழித்தார். 1925-ல் ஃபிலடெல்ஃபியாவில் போர்வீரர்களின் தாய்மார் சங்கம் நிதிக்காகக் கார்னேஷன் விற்றபோது, அங்கே போய்த் தகராறு செய்து போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் அளவுக்கு. 1948-ல் ஒரு காப்பகத்தில் இறந்தார். அன்னையர் தினம் இன்னைக்கும் அமெரிக்கப் பூக்கடைகளின் மிகப் பெரிய நாள்களில் ஒன்று.

சாவு வீடும் அப்படித்தான். இரங்கல் விளம்பரத்தில் "பூ வேண்டாம், அந்தப் பணத்தை ஏதாவது தர்மத்துக்குக் கொடுங்கள்" என்று குடும்பங்கள் எழுதத் தொடங்கியபோது, அந்த வரியையே போடாதீர்கள் என்று பூ வியாபாரிகள் செய்தித்தாள்களுக்கு நெருக்கடி கொடுத்தார்கள். நாங்களும் உங்களுக்கு விளம்பரம் தர்றோமே என்பதுதான் வாதம். ஜெசிக்கா மிட்ஃபோர்ட் 1963-ல் அமெரிக்க ஈமச்சடங்குத் தொழிலைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். போட்டி அமைப்புகளில் எங்கள் உறுப்பினர் சேரக்கூடாது என்று எஃப்டிடி வைத்த தடை வேறு நீதிமன்றம் வரை போனது. டெலிஃப்ளோரா என்ற போட்டி அமைப்பு 1934-லேயே வந்துவிட்டது. 1956-ல் அரசோடு செய்துகொண்ட சமரசத் தீர்ப்புக்குப் பிறகுதான் அந்தத் தடையைக் கைவிட்டார்கள்.

சரி, உடைஞ்சது எங்கே? நான் கை காட்டுறது ஒரு போன் நம்பரை. அமெரிக்க போனில் ஒவ்வொரு எண் பட்டனிலும் எழுத்தும் இருக்கும். 'ஃப்ளவர்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால் 356-9377. முன்னால் இலவச அழைப்புக்கான 1-800. 1976-ல் மன்ஹாட்டனில் ஒரு சின்னப் பூக்கடையை வாங்கிய ஜிம் மெக்கான், முன்பு ஆதரவற்ற பையன்களுக்கான விடுதியில் வேலை பார்த்தவர். 1986-ல் நஷ்டத்தில் ஓடிய ஒரு கம்பெனியை, அதன் கடனோடு சேர்த்து, இந்த நம்பருக்காகவே வாங்கினார். பைத்தியக்காரத்தனம் மாதிரி இருந்த பேரம், ஆனால் ஜெயித்தது.

அதுவரை வாடிக்கையாளர் தன் தெருக் கடைக்குப் போய்ச் சொன்னார். இப்போது நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரே நம்பருக்கு. நம்பர் வைத்திருப்பவர் ஆர்டரை வாங்குவார், எங்கோ இருக்கிற கடைக்குத் தள்ளிவிடுவார். அந்தச் சின்னக் கடை அவருக்குத் திருப்பி ஆர்டர் அனுப்ப எதுவும் இல்லை. அனுப்புகிறவர் எப்போதும் அனுப்புகிறவர், கட்டுகிறவர் எப்போதும் கட்டுகிறவர். பழைய சமநிலை போச்சு. மெக்கானுக்குச் சொந்தமாகக் கடைகளாவது இருந்தன. வெப் வந்தபின் கடையே இல்லாதவர்களும் நுழைந்தார்கள். ஊர் பெயரோடு ஒரு வெப்சைட், உள்ளூர் நம்பர் மாதிரி ஒரு போன் நம்பர். எடுப்பதோ வேறு மாநிலத்தில் இருக்கும் கால் சென்டர். சேவைக் கட்டணம் என்று மேலே ஒரு தொகையை எடுத்துக்கொண்டு, மீதியில் கமிஷனையும் கழித்து, அதன்பின் ஆர்டரை உண்மையான கடைக்குத் தள்ளுவார்கள்.

கட்டுகிறவர் நிலையில் நின்று பாருங்க. அத்தை 100 டாலர் பூவை எதிர்பார்த்து நிக்கிறாங்க. கடைக்காரர் கைக்கு வருவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றால், படத்தில் காட்டிய பூவை அவர் எப்படிக் கட்டுவார்? நிறையக் கொடுத்தால் நஷ்டம், குறைத்துக் கொடுத்தால் கெட்ட பேர் அவருக்கு. நடுவில் இருக்கிறவர் பேரே வெளியே வராது. உள்ளூரில் கடையே இல்லாமல் உள்ளூர்க் கடை என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க அமெரிக்காவின் பல மாநிலங்கள் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் இது இன்னொரு விதமாக வெடித்தது. கூகுளில் 'இன்டர்ஃப்ளோரா' என்று தேடினால், பெரிய கடையான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பூ விளம்பரம் வந்தது. இன்டர்ஃப்ளோரா வழக்குப் போட்டது. 2011 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது: இன்டர்ஃப்ளோரா என்பது வெவ்வேறு பெயரில் இருக்கிற ஏராளமான கடைகளின் வலை. அதனால் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும் அந்த வலையில் ஒன்றுதானா என்று சாதாரண ஆளுக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம். யார் கட்டினாலும் பரவாயில்லை, பேர் ஒண்ணுதான் என்பதுதானே இத்தனை வருஷமும் அவர்களின் பலம்? அந்த பலமே கோர்ட்டில் குழப்பமாகத் திரும்பி வந்து நின்றது.

எஃப்டிடி என்ன ஆச்சு? 1979-லேயே கடைகளை எலெக்ட்ரானிக் நெட்வொர்க்கில் இணைத்தவர்கள் அவர்கள். பெயர், வேறென்ன, மெர்க்குரி. ஆனால் 1994 கடைசியில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அமைப்பை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றார்கள். கடைக்காரர்களின் சங்கம், கடைக்காரர்களிடம் சம்பாதிக்க வேண்டிய கம்பெனியானது. 2014-ல் 43 கோடி டாலருக்கு ப்ரோஃப்ளவர்ஸின் தாய் நிறுவனத்தை வாங்கியது. 1998-ல் ஆரம்பித்த ப்ரோஃப்ளவர்ஸ் எப்படி வியாபாரம் செய்ததுன்னு கேட்டா சிரிப்பு வரும். தோட்டத்திலிருந்து நேரா அட்டைப்பெட்டியில் பூவை அடைச்சு கூரியரில் அனுப்புறது. மொட்டா வரும், வாங்கினவங்களே காம்பை வெட்டித் தண்ணியில் வைக்கணும். பூவை அனுப்பாதே, சேதியை அனுப்புன்னு ஆரம்பிச்ச அமைப்பு, பெட்டியில் பூ அனுப்புறவங்களை வாங்கியது.

அந்தச் சுமை தாங்கவில்லை. 2019 ஜூனில் எஃப்டிடி திவால் மனு போட்டது. இங்கிலாந்தின் இன்டர்ஃப்ளோராவை எஃப்டிடி 2006-ல் வாங்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? பழைய போட்டியாளர் டெலிஃப்ளோராவின் முதலாளிகள். மீதியில் பெரும்பகுதி ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் போய், எஃப்டிடி என்ற பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அத்தைக்குப் பூ அனுப்பணும்னா நான் இப்போ செய்றது இதுதான். மேப்பில் அத்தை வீட்டுப் பக்கம் ஜூம் பண்ணி, கடை வாசல் போட்டோ இருக்கிற பூக்கடையாகப் பார்த்து நேரா போன் போடுறது. "அண்ணா, இன்னைக்கு என்ன பூ ஃப்ரெஷ்ஷா இருக்கு?"ன்னு கேட்டாப் போதும். ரோஜா சரியில்லை, ஜெர்பரா எடுத்துக்கோங்கன்னு அவரே சொல்லிடுவார். கட்டின பொக்கேவை வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்புவார்.