பம்பாயின் விழாக்காலமும் ரோந்துக் காவலரும்

விழாக்காலக் கலவரங்களைப் பற்றி இந்திய வரலாற்றியலில் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஊர்வலம் சென்ற தெரு, இசைக்கப்பட்ட வாத்தியம், தூண்டிய தலைவர், சுட உத்தரவிட்ட அதிகாரி என எல்லோருக்கும் அந்த எழுத்தில் இடமுண்டு. விழா முடியும்வரை தெருமுனையில் நின்ற சாதாரணக் காவலர் மட்டும் 'இத்தனை பேர் பணியமர்த்தப்பட்டனர்' என்ற எண்ணிக்கைக்குள் மறைந்துவிடுகிறார். பம்பாய் நகரத்தை முன்வைத்து அவருடைய பணியைப் பற்றிச் சில குறிப்புகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பம்பாயில் ஆண்டின் மிகக் கடினமான காவல் பணி என்பது மொஹரம் மாதத்தின் முதல் பத்து நாட்கள்தாம். ஒவ்வொரு மொஹல்லாவும் தனக்கென ஒரு தாபூத்தை எழுப்பும். இரவானால் 'டோலி' எனப்பட்ட இளைஞர் குழுக்கள் பறையும் தடியுமாகப் புறப்படும். ஒரு மொஹல்லாவின் டோலி இன்னொரு மொஹல்லாவின் தெருவுக்குள் நுழைவதே வீரமாகக் கருதப்பட்டது. பத்தாம் நாள் தாபூத்துகள் கடலுக்குக் கொண்டுசெல்லப்படும். சுன்னிகளும் இந்துக்களில் பலரும் இதில் கலந்துகொண்டனர். துக்க நாட்களில் இந்த ஆரவாரமா என்று ஷியாக்களில் பலர் முகம் சுளித்தனர். காவலரைப் பொறுத்தவரை இது பத்து நாள் இரவுப் பணி. போதாததற்குப் படைவீரர்களும் நகரில் நிறுத்தப்படுவதுண்டு.

1909 முதல் 1916 வரை நகரக் காவல் ஆணையராக இருந்த எஸ். எம். எட்வர்ட்ஸ், பம்பாய்க் காவல்துறையின் வரலாற்றை எழுதி 1923இல் வெளியிட்டார். காவல்துறை வரலாறு பயிலும் மாணவர்கள் அவசியம் படிக்கவேண்டிய நூல் அது, எச்சரிக்கையோடு படிக்கவேண்டியதும்கூட. 1911 மொஹரத்தின்போது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மறு ஆண்டில் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த விதிகளோடு பழைய வடிவிலான தாபூத் ஊர்வலம் பம்பாயில் முடிவுக்கு வந்தது. ஒழுங்கின் வெற்றியாகவும், மரியாதைக்குரிய முஸ்லிம்களின் விருப்பம் நிறைவேறியதாகவும் இது பேசப்படுகிறது. எனக்கோ வேறொரு காரணமும் தென்படுகிறது. எண்ணிக்கையில் சிறிய ஒரு காவல்படையால் ஆண்டுதோறும் பத்து இரவுகள் கண்விழிக்க இயலவில்லை. விழாவின் வடிவம் மாறியதில் காவலரின் களைப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் வாசிப்பு.

இதற்கிடையே இன்னொரு பத்து நாள் விழா தெருவுக்கு வந்துவிட்டது. 1893 ஆகஸ்டில் நிகழ்ந்த கலவரத்தை ஒட்டிய ஆண்டுகளில், திலகரின் ஊக்கத்தால் கணபதி விழா வீட்டு முற்றத்தைக் கடந்து பொது விழாவானது. அதன் பாட்டுக் குழுக்களாகிய 'மேளா'க்கள் மொஹரம் டோலிகளை ஒத்திருந்தன என்பதைப் பலர் சுட்டியுள்ளனர். அவற்றின் பாடல்களில் அரசியல் ஒலித்ததால், கூட்டத்தைக் கவனித்த காவல்துறை பாட்டையும் கவனிக்கத் தொடங்கியது.

பம்பாய்க் காவலர்களில் பெரும் பகுதியினர் கொங்கணத்தைச் சேர்ந்தவர்கள், குறிப்பாக இரத்தினகிரி மாவட்டத்தினர். பஞ்சாலைத் தொழிலாளர்களிலும் அதே ஊர்க்காரர்கள் ஏராளம். கொங்கணத்தில் ஆண்டின் தலையாய பண்டிகை கணபதிதான். நகரத்தில் வேலைபார்க்கும் 'சாகர்மானி' எப்பாடுபட்டேனும் அன்று ஊர் போய்ச் சேரவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. ஒரே ஊரிலிருந்து வந்த இருவரில் ஆலைத் தொழிலாளி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார். காவலர் அந்தக் கூட்டத்துக்கே பந்தோபஸ்து நிற்கிறார். அவருடைய வீட்டுக் கணபதிக்கு யார் ஆரத்தி எடுத்தார்கள் என்பதை எந்த ஆவணமும் பதிவுசெய்வதில்லை.

இந்நிலைக்குச் சட்டத்திலேயே அடித்தளம் இருக்கிறது. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. பம்பாய் நகருக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன; ஆனால் விடுதலைக்குப் பின் வந்த 1951ஆம் ஆண்டின் பம்பாய்க் காவல் சட்டமும் தன் 28ஆம் பிரிவில் அதே கருத்தைக் கூறுகிறது. ஆட்சி மாறிய பின்னும் ஏறத்தாழ அதே வாசகம் நீடித்தது. விழாக்காலத்தில் விடுப்பு ரத்து என்ற ஆணைக்குத் தனி நியாயம் எதுவும் தேவைப்படாதது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரோந்து என்பது கூட்டத்தைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தைத் தினமும் சுற்றி, எந்த வீடு பூட்டியிருக்கிறது, எவர் புதியவர் என்று அறிந்துவைத்திருப்பதே அதன் சாரம். விழா வந்ததும் அந்தக் காவலர் ஊர்வலப் பாதைக்கு மாற்றப்படுகிறார். மக்கள் ஊருக்குப் போய் வீடுகள் பூட்டிக் கிடக்கும் அதே நாட்களில்தான் அவருடைய வழக்கமான சுற்று மெலிந்துபோகிறது. வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள் என்று பல நகரங்களிலும் பண்டிகைதோறும் விடுக்கப்படும் வேண்டுகோளை இந்த இடைவெளியோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

மொஹரம் ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவில் முன்னகரும். ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். ஆதலால் இரண்டு பத்து நாள் விழாக்களும் இடையிடையே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். 2019 செப்டம்பர் 10இல் ஆஷூரா. 12இல் அனந்த சதுர்த்தசி, கணபதி கரைப்பு. கொங்கண் இரயில்வேயின் சிறப்பு இரயில்கள் ஊருக்குப் போவோரை நிறைத்துக்கொண்டு அவ்வாண்டும் புறப்பட்டன. மும்பைக் காவலர்கள் அவ்வாண்டும் தெருவில்தான் இருந்தார்கள்.