ஏலம் கேட்ட பெயிண்ட் பூத்

நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து திட்டம் போட்டால்தான் தொழிற்சாலை ஓடும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன். அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தது, 1990களில் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்னில், ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் ஆலையில் நடந்த ஒரு விஷயம்.

அங்கே டிரக்குகள் ஆர்டர்படி கலந்துகட்டிய நிறங்களில் வரும். பெயிண்ட் அடிக்கப் பல பூத்கள். ஒரு பூத் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறணும்னா, குழாயில் மிச்சமிருக்கிற சிவப்பைக் கழுவிக் கொட்டணும். பெயிண்டும் போச்சு, நேரமும் போச்சு. அதனால் எந்த டிரக் எந்த பூத்துக்கு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்தார்கள். காகிதத்தில் பிரமாதம். ஒரு பூத் மக்கர் பண்ணினால் அட்டவணை செல்லாக்காசு.

டிக் மோர்லி அட்டவணையையே தூக்கிப் போட்டார். டிரக் வந்ததும் அதன் நிறம் அறிவிக்கப்படும். பூத்கள் ஏலம் கேட்கும். அதே நிறத்தைக் குழாயில் வைத்திருக்கும் பூத் கூடுதலாகக் கேட்கும். நிறம் மாற்ற வேண்டியது குறைவாகக் கேட்கும். கெட்டுப்போனது வாயே திறக்காது. அதற்காக யாரும் எதையும் திருத்தி எழுத வேண்டியதில்லை!

யோசனை புதிதல்ல. 1980லேயே ரீட் ஸ்மித் இதை 'காண்ட்ராக்ட் நெட்' என்று எழுதிவிட்டார். கிட்டத்தட்ட நம்ம ஊர் டெண்டர்தான். 1987ல் வான் டைக் பாருனக் அதைத் தொழிற்சாலைக்குப் பொருத்திப் பார்த்தார். எனக்குச் சுவாரசியம் மோர்லிதான். பி.எல்.சி.யின் தந்தை என்று சொல்லப்படுபவர் இவர். 1968ல் அவர் யோசித்தது, எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்யும் பெட்டி. அதே ஆள் பின்னாளில் பூத்களையே முடிவெடுக்க விட்டிருக்கிறார்.

அப்புறம் ஏன் எல்லா ஆலையிலும் இது வரலை? 'நாளை மூணு மணிக்கு இந்த டிரக் எந்த பூத்தில் இருக்கும்?' என்று மேனேஜர் கேட்டால் பதில் கிடையாது. ஆலைக்குப் பொறுப்பானவருக்கு அது லேசான விஷயமில்லை. அதோடு பூத்துக்குக் கிட்டப்பார்வை. பின்னால் நாலு சிவப்பு டிரக் வரிசையில் நிற்பது தெரியாமல் வெள்ளைக்கு மாறிவிடும்.

1998ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ப்ரோசா' அமைப்பு இந்த இடத்தில்தான் கை வைத்தது. பொருள், இயந்திரம், ஆர்டர் என்ற மூன்றோடு, முழு ஆலையையும் பார்க்கும் நாலாவது ஒன்றையும் சேர்த்தார்கள். அது உத்தரவு போடாது, ஆலோசனை மட்டும் சொல்லும். நிலைமை மாறிவிட்டால் மற்றவை அதைக் காதில் போட்டுக்கொள்ளாமலும் போகலாம்.