முப்பது விழுக்காடும் ஆயிரத்தில் ஒருவரும்: மும்பை மார்பகப் புற்றுநோய் ஆய்வு சொல்வது என்ன?

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே அறிவதென்றால் மேமோகிராம் என்பதே மேலை நாடுகளில் நிலைபெற்ற கருத்து. அக்கருவியை எல்லாக் குடிசைப் பகுதிகளுக்கும் கொண்டுசெல்ல இயலாத நாட்டில், பயிற்சி பெற்ற கைகளே போதுமா? பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனை இக்கேள்விக்கு விடை காண 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது.

மும்பைக் குடிசைப் பகுதிகளின் 20 தொகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இதில் இடம்பெற்றனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெண் நலப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாக, மார்பகத்தைக் கைகளால் பரிசோதித்தனர். மற்றவர்களுக்கு ஒருமுறை விழிப்புணர்வுக் கல்வி மட்டுமே வழங்கப்பட்டது. இதே ஆய்வின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பகுதியில், பரிசோதனை பெறாத பெண்களை முன்னிட்டுக் கடுமையான அறவிவாதம் எழுந்ததையும் வரலாறு மறக்கலாகாது.

இருபதாண்டு முடிவுகள் 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின. முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்களின் பங்கு, பரிசோதிக்கப்பட்டோரிடம் 37 விழுக்காடு, மற்றவர்களிடம் 47. இறப்பு மொத்தத்தில் 15 விழுக்காடு குறைந்தது. ஆனால் அது புள்ளியியல் அடிப்படையில் உறுதியானதன்று. வயதுவாரியாகப் பிரித்தபோது வேறொரு சித்திரம் தெரிந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானோரிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழ் குறிப்பிடத்தக்க பயனில்லை. இப்பகுப்பு முன்கூட்டியே திட்டமிடப்பட்டதன்று என்பதால் சற்று எச்சரிக்கையுடனேயே கொள்ளத்தக்கது.

அந்த 30 விழுக்காட்டை விரித்துப் பார்க்கலாம். ஐம்பது கடந்த ஒரு லட்சம் பெண்களை ஓராண்டு கவனித்தால், பரிசோதனை இல்லாதபோது மார்பகப் புற்றுநோயால் இறப்போர் சுமார் 35. இருந்தபோது சுமார் 25. அதாவது ஆயிரம் பெண்களைப் பத்தாண்டுகள் கவனித்தால் ஓர் இறப்புக் குறைகிறது. இரண்டும் ஒரே உண்மை. முதலாவதை மட்டும் கேட்பவர் உடனே இசைவார். இரண்டாவதை மட்டும் கேட்பவர் தயங்குவார். முடிவெடுக்க வேண்டியவருக்கு இரண்டும் தேவை.

தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு மூதாட்டி மருத்துவரின் எதிரே அமரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. நோய் ஐயத்தால் செய்வதும், அறிகுறி ஏதுமற்றவருக்குச் செய்வதும் தமிழில் ‘பரிசோதனை’யே. ஆகவே அழைப்பைக் கேட்டதுமே ‘எனக்கு நோய் வந்துவிட்டதோ’ என்னும் அச்சம் எழுவது இயல்பு. மேலும், ஆய்வில் சேர்க்கப்பட்டோரின் வயது வரம்பு 64. நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயதினரையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது. எழுபத்தைந்து வயதினருக்கு எந்த எண்ணும் நேரடி விடை தராது.

முன்னறிதலின் பயன் உடனே கிட்டுவதன்று; கனியப் பல ஆண்டுகளாகும். இதயநோயோ சிறுநீரகக் கோளாறோ முன்னிற்கும் உடலில், வாழ்நாளில் துன்பமே தந்திராத கட்டியைத் தேடிப்பிடித்து அறுவைக்கு உட்படுத்துவது தீங்காகவும் முடியலாம். நல்ல உடல்நலமுள்ள எழுபது வயதினருக்கோ அது உயிர்காக்கும் வாய்ப்பு. கட்டியோ கசிவோ தென்பட்டால் எவ்வயதிலும் தயங்காது மருத்துவரை நாட வேண்டும். அது வேறு கேள்வி. அறிகுறியற்ற முதியவரிடம் மருத்துவர் வயதை மட்டுமன்றி, உடல்நிலையையும் விருப்பத்தையும் கேட்டறிந்தே பேச வேண்டும்.