சுற்றும் சில்லுகளின் சங்கீதம்

இசைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் நம்மிடையே இருப்பர். சாவியைத் திருகினால் உள்ளே சுருள்வில் இறுகும். அது நெகிழ நெகிழப் பித்தளை உருளையொன்று மெல்லச் சுற்றும். உருளையின் உடம்பெங்கும் ஊசிமுனை போன்ற முளைகள். அவை உருக்குச் சீப்பொன்றின் பற்களை ஒவ்வொன்றாய் நிமிண்டி விடும். நீண்ட பல்லுக்குத் தாழ்ந்த சுரம், குறுகிய பல்லுக்கு உச்ச சுரம். பாடுபவரும் இல்லை, வாசிப்பவரும் இல்லை. பாட்டு மாத்திரம் கேட்கிறது.

கவிதையும் கதையும் பேசும் இத்தொடரில் யந்திரத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஏடு கவிதைக்குச் செய்ததை இந்த உருளை இசைக்குச் செய்தது என்பது என் எண்ணம். அந்த உருளையோடு சண்டை பிடித்த ஒரு சிற்பியைப் பற்றியும் இன்று பேச வேண்டியிருக்கிறது.

உருளையில் பாட்டைப் பதிக்கும் யோசனை ஐரோப்பியர் முதன்முதலில் கண்டதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் பனூ மூசா எனப்பட்ட சகோதரர் மூவர், நீர்விசையால் தானாகவே இசைக்கும் குழற் கருவி ஒன்றை விவரித்து எழுதி வைத்தனர். அதிலும் முளை வைத்த உருளை உண்டு. 1206இல் அல் ஜஸரி எழுதிய நூலிலே, அரச விருந்தின்போது தடாகத்தில் மிதக்கும் படகொன்று வருகிறது. அதில் நான்கு பொம்மை வாத்தியக்காரர்கள். அவர்களின் கைகளை அசைப்பவையும் முளைகளே.

சீப்பு வந்து சேர்ந்தது சுவிற்சர்லாந்தில். 1774இல் ஜாக்கே துரோ குடும்பத்தார் காட்சிக்கு வைத்த வாத்தியக்காரிப் பொம்மை, தன் விரல்களாலேயே கட்டைகளை அழுத்தி வாசிப்பவள். வாசிக்கும்போது நெஞ்சு மூச்செடுப்பதுபோல் ஏறி இறங்கும். அவளை நியூஷாத்தல் நகர நூதனசாலையில் இன்றும் காணலாம். 1796 பெப்ரவரியில் ஜெனீவா நகரக் கடிகாரக்காரரான அன்ரோவான் பாவ்ர், மணியும் சுத்தியலும் இல்லாமல் ஒலிக்கும் கருவியொன்றை அந்நகரக் கலைச் சங்கத்தார் முன் வைத்தார். அதிர்ந்து ஒலித்தவை உருக்குத் தகடுகள். இசைப்பெட்டியின் பிறப்பு அதுதான்.

அதன்பின் ஜூரா மலைத்தொடரில் உள்ள சென் குருவா போன்ற ஊர்கள் இந்தப் பெட்டியை நம்பி வாழத் தொடங்கின. சங்கீதச் சரித்திரங்கள் சாதாரணமாகத் தொடாத ஒரு விடயத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். உருளையில் ஆயிரக்கணக்கான துளைகள் இட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் மயிரளவு கம்பித்துண்டொன்றைச் செருக வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். வீட்டு யன்னலோரத்தில் இருந்து செய்தவர்களும் பலர். ஒரே உருளையில் ஐந்தாறு பாட்டுகள் அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் உருளை சற்றே பக்கவாட்டில் நகர, முன்னைய பாட்டின் முளைகள் பற்களுக்கு இடையே விலகிப்போக, புதுப் பாட்டின் முளைகள் பற்களுக்கு நேரே வரும். ஒரு துளை தவறினால் ஒரு சுரம் தவறும். கம்பிகளெல்லாம் ஏறியபின் உருளையினுள்ளே உருக்கிய பிசினை வார்த்து அவற்றை அசையாமல் இறுக்குவார்கள். பெட்டியின் மூடியில் தொழிலகத்தின் பெயர் இருக்கும். முளை குத்தியவளின் பெயர் எங்கும் இராது.

1877இல் எடிசன் குரலைப் பதிந்ததும் இவ்வாறான உருளையொன்றிலே என்பது வேடிக்கை. வாத்தியமும் பாடகர் குரலும் அப்படியே கேட்கும்போது உருக்குப் பல்லின் கிணுகிணுப்பு யாருக்கு வேண்டும்? சென் குருவாவின் தொழிலகங்கள் வேறு வழி தேடின. இசைப்பெட்டி செய்ய 1883இல் தொடங்கிய தொரன்ஸ் நிறுவனம் கிராமபோனுக்கும் பின்னர் இசைத்தட்டுச் சுழற்றிக்கும் மாறியது. வானொலிக் கலையகங்களில் பழகியவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்.

சிற்பிக்கு வருகிறேன். ழான் திங்கெலி 1925இல் சுவிற்சர்லாந்தின் பிரிபூர்க் நகரிற் பிறந்து பாசல் நகரில் வளர்ந்தவர். பன்னிரண்டு வயதளவில் காட்டோடையொன்றில் சின்னஞ்சிறு நீர்ச்சில்லுகளைப் பொருத்திய கதையை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீர் சில்லைச் சுற்றும்; சில்லு சிறு சுத்தியலைத் தூக்கிப் போடும்; சுத்தியல் தகரப் பேணியிலோ வேறெதிலுமோ விழும். இருபது முப்பது சில்லுகள், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கதியில். பனூ மூசா சகோதரர் கையாண்ட தத்துவந்தான். ஆனால் இங்கே பாட்டு இல்லை.

கடைக் கண்ணாடிகளை அலங்கரிக்கும் தொழில் பழகிய அவர், ஐம்பதுகளின் தொடக்கத்தில் பரிஸ் சென்று யந்திரச் சிற்பியானார். 1960 மார்ச் 17ஆந் திகதி நியூயோர்க் நவீன கலை நூதனசாலைத் தோட்டத்தில் அவர் நிறுத்திய யந்திரம், பியானோ உட்படத் தன்னைத் தானே அரை மணித்தியாலத்துக்குள் சிதைத்துக்கொண்டது. பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனி. எனக்கென்னவோ அந்த ஆர்ப்பாட்டத்தைவிட, 1978 முதல் அவர் கட்டிய ‘மெத்தா ஹார்மொனி’ வரிசைதான் ஆழமான வேலையாகப் படுகிறது.

அவ்வரிசையில் இரண்டாவது, 1979இல் ஆக்கப்பட்டது, ஏறத்தாழ ஏழு மீற்றர் அகலமுடையது. இரும்புச் சட்டங்களுக்குள் பெரிதும் சிறிதுமாய்ச் சில்லுகள். அவற்றைச் சுழற்ற மின்மோட்டர்களும் பட்டிகளும். சில்லோடு சேர்ந்து ஆடும் தண்டுகள் பியானோக் கட்டையிலும், மேளத்திலும், தாளத்தட்டிலும் போய்த் தட்டும். 1985இல் செய்த நான்காவதில், வார்ப்பாலைகளில் அச்செடுப்பதற்கென்று செய்யப்பட்ட மாபெரும் மரச்சில்லுகளைச் சுழல வைத்தார். இவற்றை ஒலி கலக்கும் யந்திரங்கள் என்றே அவர் அழைத்தார். சீமெந்து கலக்கும் யந்திரம்போல.

இசைப்பெட்டியில் ஒரே ஓர் உருளை. ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் அதே பாட்டுத்தான். திங்கெலி அந்த ஒற்றை உருளையைப் பல சில்லுகளாய் உடைத்தார் என்று கொள்ளலாம். 7, 11, 13 வினாடிக்கு ஒருமுறை தட்டும் மூன்று சுத்தியல்கள் ஒருமித்துத் தட்டினால், மீண்டும் ஒருமிக்க 1001 வினாடிகள் ஆகும். மிருதங்கக்காரருக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. ஆனால் திங்கெலியின் பட்டிகள் வழுக்கும், தண்டுகள் தடுமாறும். அந்தக் கணக்கும் பிசகிப்போக, கேட்ட தாளம் அப்படியே திரும்பி வருவது அரிது. துல்லியத்தால் பேரெடுத்த கடிகார நாட்டின் பிள்ளை வேண்டுமென்றே துல்லியத்தைக் கைவிட்டது, என் பார்வையில், வெறும் குறும்பன்று. யன்னலோரத்திற் குனிந்திருந்த பெண்ணிடம் அந்தத் துல்லியம் வாங்கிய வேலையை எண்ணினால், இந்தத் தடுமாற்றத்தில் ஏதோ ஒரு விடுதலை கேட்கிறது.

திங்கெலி 1991இல் காலமானார். பிரிபூர்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில், மேளமும் மணியும் பொருத்தி அவர் ஆக்கிய உழவு யந்திரம் இரைந்து புகை கக்கிக்கொண்டு சென்றது. 1996இல் பாசலில் அவர் பெயரால் நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே இந்த யந்திரங்கள் நாள் முழுதும் ஓடுவதில்லை. சற்று நேரம் இயக்கிவிட்டு ஓய்வு கொடுக்கிறார்கள். ஓடினால் தேயும், ஓடாவிட்டால் ஊமைச் சிற்பம். வாத்தியக்காரிப் பொம்மையின் தேய்ந்த பாகத்துக்கு அதே அளவில் இன்னொன்று செய்து பொருத்தினால் அவள் அதே பாட்டை வாசிப்பாள். திங்கெலியின் தேய்ந்த பட்டிக்குப் புதுப்பட்டி போடுவது அத்தனை இலகுவன்று. புதுப்பட்டி வழுக்காது. வழுக்காவிட்டால் அந்தத் தாளம் வராது. எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதை அவர் எங்கும் எழுதி வைக்கவுமில்லை.